தறிக்காரரும் நுகர்வோர்தான்: ஒரு வரி பிறந்த கதை

அப்பா புது ஜக்கார்டு பெட்டி வைத்து நெய்த முதல் சேலை இன்னும் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. அரக்கு உடல், பச்சைக் கரை. கரையில் ஜரிகை அன்னங்கள் வரிசையாக நடக்கின்றன. ஓர் அன்னத்துக்கும் மூக்கு கிடையாது.

1997இல் நடந்தது இது. எங்கள் ஊர் ஐயம்பேட்டை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயம்பேட்டை வேறு. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், முத்தியால்பேட்டையை ஒட்டி இருக்கிற நெசவாளர் ஊர் எங்களுடையது. காஞ்சிபுரம் பட்டு என்று உலகம் சொல்வதில் ஒரு பங்கு இந்த மாதிரி ஊர்களின் குழித்தறிகளில் பிறக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு தறி. அதற்குத்தான் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கி, காஞ்சிபுரத்துக் கடை ஒன்றில் 240 கொக்கிப் பெட்டி வாங்கினார்.

தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துளை போட்ட அட்டைகளைச் சங்கிலி மாதிரிக் கோத்து அதில் தொங்கவிட்டிருப்பார்கள். மிதியை மிதித்தால் ஓர் அட்டை வந்து ஊசிகளுக்கு முன்னால் நிற்கும். துளை இருக்கிற இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கிக்கொண்டு மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், அந்தக் கொக்கி எழும்பாது. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் கண்டுபிடித்த ஏற்பாடு அது. மாங்காயும் யாளியும் அன்னமும் கரையில் வருவது இந்தத் துளைகளின் கணக்கில்தான். எங்கள் பெட்டியில் ஏழெட்டுக் கொக்கி வளைந்திருந்தது, துளை நேராக வந்தாலும் எழும்பவில்லை. அன்னத்தின் மூக்கு விழவேண்டிய இழைகள் அந்தக் கொக்கிகளில் இருந்தன.

அப்பா மூன்று தடவை கடைக்குப் போனார். முதல் தடவை ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டாம் தடவை எண்ணெய் விட்டுப் பாருங்கள் என்றார்கள். மூன்றாம் தடவை, "பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல, உங்க கைதான் சரியில்ல" என்றார்கள். இருபத்தைந்து வருஷம் தறிக்குழியில் கால் வைத்தவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

மறுநாள் நான் கூடப் போனேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம் என்று துணிந்து சொன்னேன். கடைக்காரர் கோபப்படவில்லை. பொறுமையாகவே கேட்டார்: "பெட்டிய வீட்டுல வெச்சு அழகு பாக்கவா வாங்கினீங்க? சேலை நெஞ்சு காசு பாக்கத்தானே? அப்ப நீங்க வியாபாரி. அந்தக் கோர்ட்டுல உங்க மனுவே ஏறாது."

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 1985 ஏப்ரலில், ஐ.நா. பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே இங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. 1966இல் பம்பாயில் இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் பெண்கள். 1978இல் அகமதாபாத்தில் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் வந்தது. சென்னையில் சி.ஏ.ஜி. என்று நாம் சொல்லும் அமைப்பு 1985இல் பிறந்தது. பெரும்பாலும் சம்பளத்துக்காக இந்த வேலைக்கு வராதவர்கள். கலப்படமும் எடைக் குறைவும் போகட்டும் என்று விட மனமில்லாதவர்கள். அவர்கள் கேட்டது எளிய ஒன்று: ஏமாந்தவர் கறுப்பு அங்கி போட்ட ஒருவரைத் தேடி ஓடாமல், தானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை 1986 சட்டம் கொடுத்தது. மாவட்டத்துக்கு ஒரு மன்றம், அதில் மூன்று பேர், அவர்களில் ஒருவராவது பெண். அன்றைக்கு மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

ஆனால் நுகர்வோர் என்பவர் யார் என்று சொல்லும் பகுதியில் ஒரு முள் இருந்தது. மறுபடி விற்பதற்காகவோ வேறு வணிக நோக்கத்துக்காகவோ பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பெரிய ஆலைகள் தங்கள் சண்டைகளைக் கொண்டுவந்து ஏழைகளின் மன்றத்தை அடைத்துவிடக் கூடாது என்ற நியாயமான அச்சம்தான். ஆனால் 'வணிக நோக்கம்' என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. தையல் மெஷின் வாங்கிய தையல்காரர், ஆட்டோ வாங்கி ஓட்டுகிறவர், தட்டச்சு இயந்திரம் வாங்கி வாசலில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பவர், தறிக்குப் பெட்டி வாங்கிய என் அப்பா, எல்லோருமே அதைக் கொண்டு காசு சம்பாதிப்பவர்கள்தான். இவர்கள் எல்லாம் வியாபாரிகளா? மன்றங்கள் ஒருமாதிரியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. விற்றவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

இதற்கு மருந்தாக வந்ததுதான் நான் சொல்லவந்த அந்த ஒரு வரி. 1993இல் முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு திருத்தச் சட்டமாகவும் வந்தது. ஒருவர் தாமே உழைத்துப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கித் தாமே பயன்படுத்தினால், அது வணிக நோக்கம் ஆகாது. விளக்கம் என்ற தலைப்பின் கீழ் வந்த ஒரே வாக்கியம். எங்கள் தெருவுக்கே அது எழுதின மாதிரி இருந்தது. ஆனால் அப்படி ஒரு வரி இருப்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

சட்டத்தில் வரி வந்துவிட்டால் போதாது, அதற்கு எல்லை கட்ட வேண்டும். அந்த வேலை 1995 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. வழக்கின் ஒரு தரப்பு நம்ம கோயம்புத்தூரைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்து லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் என்ற சிறு தொழில் நிறுவனம், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் 21 லட்ச ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கணினி கடைசல் இயந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. இயந்திரம் தாமதமாக வந்தது, வந்ததும் சரியில்லை என்பது வாங்கியவர்கள் தரப்பு முறையீடு. கேள்வி, அவர்கள் நுகர்வோரா என்பது. நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, இல்லை என்றது. அந்த அளவில் இயந்திரம் வைத்துப் பாகங்கள் செய்து விற்பது பிழைப்புக்கான சுயதொழில் ஆகாது.

அவர்கள் தோற்றார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு போகிற போக்கில், யார் நுகர்வோர் என்பதற்கு உதாரணங்களை அடுக்கியது. தானே ஓட்டுவதற்கு ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர். தானே ஓட்ட லாரி வாங்குகிறவர் நுகர்வோர். தானே இயக்கிப் பிழைக்கக் கடைசல் இயந்திரமோ வேறு இயந்திரமோ வாங்குகிறவர் நுகர்வோர். பிறகு அடைப்புக்குறிக்குள் இன்னும் ஒன்று சொன்னது: இயந்திரத்தை இயக்க ஒன்றிரண்டு பேரின் உதவியை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடாது. 1993இல் வந்த விளக்கம் புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை, முதலிலிருந்தே சட்டத்தின் கருத்து அதுதான் என்றும் சொன்னது.

அந்த அடைப்புக்குறி எங்களுக்கு எதற்கு என்று கேட்டால், கோர்வை தெரிந்தவர்களுக்குப் புரியும். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் ஊடை போட்டு, சேருமிடத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கோப்பது கோர்வை. மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து உட்காருவார், கொதி வந்ததும் எழுந்து போவார், அதுவரை அப்பா காத்திருப்பார். சேலை நெசவாளர் சங்கத்துக்குப் போய்க் கூலி வரும்போது புத்தகத்தில் ஏறுவது அப்பா பெயர் மட்டும்தான்.

எங்களுக்கு இந்த வரியைக் காட்டியவர் வாலாஜாபாத்தில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று உயிரோடிருந்தபோதே சொல்லிவிட்டார், அவர் சொல்லை மீறவில்லை. நுகர்வோர் குழு ஒன்றில் சேர்ந்து, ரேஷன் கடை எடையிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை யார் வந்தாலும் மனு எழுதிக் கொடுப்பார். அப்பா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, "பில் இருக்கா?" என்றுதான். இருந்தது. அப்பா அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அடுத்துக் கேட்டார்: "வீட்டுல எத்தனை தறி? கூலிக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?"

"ஒரே தறிங்கய்யா. நானும் வீட்டுக்காரியும்தான்."

"அத அப்படியே எழுதணும்."

மனு தமிழில் ஒன்றரைப் பக்கம் வந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த டைப்பிங் கடை அக்கா அதை அடித்தார். கார்பன் வைத்து மூன்று பிரதி. காசு வாங்கிக்கொள்ளவில்லை. "உங்க வீட்டுச் சேலை ஒண்ணு என் கல்யாணத்துக்கு எடுத்ததுண்ணே" என்றார் அப்பாவிடம். சங்கத்து எழுத்தர், உறுப்பினர் இன்னார், ஒரே தறி, வேறு வருமானமில்லை என்று சீல் வைத்த சான்றிதழ் கொடுத்தார். அதைக் கொடுக்க அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கடைக்காரரோடு பகை வேண்டாம் என்று மழுப்பியிருக்கலாம்.

காஞ்சிபுரம் மாவட்டம் ஒன்றாயிருந்த காலம் அது, மன்றம் செங்கல்பட்டில். எதிர்த்தரப்பு பதிலில் நாங்கள் எதிர்பார்த்த வாதம் வந்திருந்தது: மனுதாரர் பட்டுச்சேலை தயாரித்து லாபம் பார்ப்பவர், ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களைக் கொண்டு தொழில் நடத்துபவர், ஆகவே நுகர்வோர் அல்ல. அந்த 'ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள்' என் அம்மாதான். வாத்தியார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் ஜெராக்ஸை எடுத்து, அந்த அடைப்புக்குறிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டுப் பிரதியோடு சேர்த்துக் கொடுத்தார். அம்மாவுக்கும் வாசித்துத் தமிழில் சொன்னார். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப நானும் அந்தத் தாள்ல இருக்கேனா?"

விசாரணையன்று அப்பா மூக்கில்லாத சேலையை மன்றத்தின் மேஜையில் விரித்துக் காட்டினார். வக்கீல் இல்லை, வாத்தியார்தான் பக்கத்தில் நின்றார். பெண் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் அன்னமாகப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடியது. மன்றம் அப்பாவை நுகர்வோர் என்று ஏற்றது. பெட்டியை மாற்றித் தரவும் செலவுக்கு ஒரு தொகை கொடுக்கவும் உத்தரவு வந்தது. புதுப்பெட்டி வந்த அன்று அப்பா வாத்தியார் வீட்டுக்குப் போய் வேட்டி ஒன்று கொடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டி வேலை செய்கிற முறையைக் காட்டச் சொல்லி, தறிக்குப் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

வாத்தியாரைப் போன்றவர்கள் அடுத்தவருக்காக மன்றத்தில் நிற்பதே பின்னாளில் வழக்காகியது. வக்கீல் அல்லாதவர் வாதாடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நுகர்வோர் தாம் அதிகாரம் கொடுத்த ஒருவரைத் தம் சார்பில் நிறுத்தலாம், அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை என்று 2011 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதை வைத்துக் காசு பார்ப்பவர்கள் உருவாகிவிடக் கூடாது என்று பிறகு கட்டுப்பாடுகளும் வந்தன. அதுவும் வேண்டியதுதான். ஆனால் கதவு சாத்தப்படவில்லை என்பது பெரிய விஷயம். அந்தத் தீர்ப்பைக் கேட்க வாத்தியார் இல்லை.

நுகர்வோர் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நுகர்தல் என்றால் அனுபவித்தல், முகர்தல். பூவை நுகரலாம். ஜக்கார்டு பெட்டியை எப்படி நுகர்வது? அப்பாவுக்கு அந்தச் சொல் கடைசிவரை நாக்கில் ஒட்டவில்லை. மலேசியத் தமிழர்கள் பயனீட்டாளர் என்கிறார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்து அங்கே போனவர், 2019இல் காலமானார். அந்தச் சங்கம் தமிழிலேயே 'பயனீட்டாளர் குரல்' என்று பத்திரிகை நடத்தியது. ஒரு பொருளிலிருந்து பயனை ஈட்டுகிறவர் பயனீட்டாளர். தறிக்காரர், தையல்காரர், ஆட்டோக்காரர் மூவரும் அந்தச் சொல்லுக்குள் தாராளமாக உட்காரலாம். நம் சட்டம் 1993இல் விளக்கம் போட்டுச் சொன்னதை அவர்கள் சொல்லிலேயே வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். மார்ச் 15ஐ உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடும் யோசனையைத் தந்த அன்வர் ஃபசலும் அந்தப் பினாங்கு வட்டத்தில் உழைத்தவர்தான். 1962இல் அதே தேதியில் அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளை அறிவித்ததால் அந்த நாள். 1983இல் முதல்முதலாகக் கொண்டாடினார்கள்.

இப்போது செங்கல்பட்டுக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. 2019இல் பழைய சட்டத்தை மாற்றிப் புதுச்சட்டம் வந்தது, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். 2020 செப்டம்பரில் இ-தாக்கில் என்ற இணையவழி வந்தது, 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி. 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. மனுவுக்கு முன்பே 1915 என்ற எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அந்த 1993 வரி மட்டும் புதுச்சட்டத்திலும் இடம் மாறி, ஆனால் பொருள் மாறாமல் இருக்கிறது.

இணையம் வந்துவிட்டால் வாத்தியார்கள் தேவையில்லை என்று நினைத்தேன். தப்பு. எங்கள் எதிர்வீட்டுப் பெண் வாலாஜாபாத்தில் பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிறாள். தெருவில் யாருக்கு எலெக்ட்ரானிக் ஜக்கார்டு மக்கர் செய்தாலும், மோட்டார் எரிந்தாலும், போனில் ஓ.டி.பி. வராமல் தவித்தாலும் அவளிடம்தான் போகிறார்கள். பில்லை ஸ்கேன் செய்து, மனுவை ஏற்றி, ஒப்புகை எண்ணை நோட்டில் எழுதிக் கொடுக்கிறாள். போன மாதம் ஒரு பெரியவருக்காக அவள் எழுதிய மனுவைப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில், வீட்டில் ஒரு தறி, நெய்கிறவர் மனுதாரர், கரை நாடா தள்ளுகிறவர் அவர் மனைவி என்று இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "உங்க அம்மாதாண்ணே" என்றாள்.

வாத்தியாருக்கும், டைப்பிங் கடை அக்காவுக்கும், சங்கத்து எழுத்தருக்கும், சேலையை விரித்துப் பார்த்த அந்த உறுப்பினருக்கும், இப்போது இந்தப் பெண்ணுக்கும் எங்கள் தெரு கடன்பட்டிருக்கிறது. பம்பாயிலும் அகமதாபாத்திலும் சென்னையிலும் பினாங்கிலும் முகம் தெரியாமல் உழைத்தவர்களுக்கும்தான். இருபத்தெட்டு வருஷம் தாமதமாக அந்த நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.

தறி, தையல் மெஷின், ஆட்டோ, மாவரைக்கும் இயந்திரம் என்று எதை வாங்கிப் பிழைப்பவராக இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பில்லைத் தொலைக்காதீர்கள். கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். மனுவில், நானே இயக்கிப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கினேன் என்ற வாக்கியத்தை மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாமல் தள்ளுபடியான மனுக்கள் நிறைய. உங்கள் கூட உட்கார்ந்து உழைப்பவரின் பெயரையும் அதில் எழுதுங்கள்.